காது குத்துக்கு வந்த ஜெர்மன்காரர்கள்

ஜெர்மன் மொழியில் நான் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம், "மூச்சை ஆழமாக இழுத்துப் பிடியுங்கள்" என்பது. இரண்டாவது, "இங்கே அழுத்தினால் வலிக்கிறதா?"

நான் டாக்டரில்லை. மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா. ஹாம்பர்கில் எங்கள் மிளகை வாங்குகிறவருக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் மறந்துபோகும். தன் மொழியில் நாலு பக்கம் எழுதித் தள்ளிவிடுவார். அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை எர்ணாகுளத்துக்கு மாலை வகுப்புக்கு அனுப்பினார். எழுபதுகளில் எர்ணாகுளத்தில் ஜெர்மன் கற்றுக்கொண்டவர்கள் என்றால் அது நர்ஸுகள்தான். ஜெர்மனி ஆஸ்பத்திரிகளில் அவர்களுக்கு வேலை காத்துக்கொண்டிருந்தது. ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில், வெள்ளைப் புடவைகளுக்கு நடுவே, சட்டையில் மிளகு வாசனையோடு நான் ஒருவன்.

பாடப்புத்தகமும் அவர்களுக்காகவே அச்சடித்தது. படுக்கை விரிப்பதில் தொடங்கிப் பிரசவ வார்டு வரை போகும். மிளகு என்ற சொல் அதில் ஒரே ஓரிடத்தில்தான் வந்தது, வயிற்றுப்புண் உள்ளவர்கள் தொடக்கூடாத பண்டங்களில் ஒன்றாக. பேச்சுப் பயிற்சியின்போது எப்போதும் நான்தான் நோயாளி. எனக்கு எத்தனை தடவை காய்ச்சல் பார்த்தார்கள், எத்தனை தடவை ஊசி போட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

இந்த ஜெர்மனை வைத்துக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுச் சுற்றுலாக் கூட்டத்துக்கு ஊர் சுற்றிக்காட்டினேன்.

முதலாளியின் மைத்துனர் புதிதாக ஒரு டூரிஸ்ட் கம்பெனி ஆரம்பித்திருந்தார். ஜெர்மனியிலிருந்து ஒரு கூட்டம் வந்து வெலிங்டன் தீவில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தது. அவர்களை அழைத்துப்போக வேண்டிய வழிகாட்டிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, முகம் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளியே நேரில் என் வீட்டுக்கு வந்தார்.

"அரை திவசத்தெ கார்யமல்லே. தனக்கு ஜெர்மன் அறியாமல்லோ, பின்னெந்தா?" என்றார். அரைநாள் வேலைதானே, உனக்குத்தான் ஜெர்மன் தெரியுமே, பிறகென்ன என்று அர்த்தம்.

பிறகென்னவென்றால், மறுநாள் என் பெண் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. விடியற்காலையில் வீட்டில் ஹோமம். மதியம் எங்கள் சமூகத்து ஹாலில் காது குத்து, அது முடிந்து சாப்பாடு. முதலாளி போனதும் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். அவள் பாலக்காட்டுக்காரி. கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும்.

"நாளைக்கு என்னாக்கும் விசேஷம்னு ஓர்மை இருக்கோ?"

"ஹோமத்தை முடிச்சுட்டுத்தானே போகப்போறேன். காது குத்தறதுக்கு முன்னாடி வந்துடுவேன்."

"வரலைன்னா?"

"வராம எங்கே போவேன்? டச்சு அரண்மனையிலேர்ந்து ஹாலுக்கு நடக்கற தூரம்தானே."

"சரி, போய்ட்டு வாங்கோ" என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில்.

கூட்டத்தில் எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்கள். வைக்கோல் தொப்பி, கழுத்தில் காமிரா, காலில் கெட்டியான ஜோடு. அவர்களுக்குத் தலைவியாக ஓர் அம்மாள். நல்ல உயரம். கையில் ஒரு மஞ்சள் குடை. அதை விரிக்காமல், வேல் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். மற்றவர்கள் அந்தக் குடையைப் பார்த்தபடி பின்னால் வருவார்கள்.

"நான் ஆங்கிலத்தில் சொல்லட்டுமா?" என்று அவரிடம் பணிவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு அச்சிட்ட தாளை எடுத்துக் காட்டினார். 'ஜெர்மன் பேசும் வழிகாட்டியுடன்' என்று அதில் போட்டிருந்தது. அதற்குமேல் பேச இடமில்லை.

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில், சீன வலைகளுக்கு எதிரே அவர்களை நிறுத்தித் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "காலை வணக்கம். எல்லோரும் நன்றாகத் தூங்கினீர்களா?" என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. எனக்கும் தைரியம் வந்துவிட்டது. பாடத்தில் அதற்கு அடுத்த வாக்கியம் எதுவோ அது தானாக வாயில் வந்து விழுந்தது.

"வயிறு ஒழுங்காகக் கழிந்ததா?"

குடையம்மாளின் புருவம் தொப்பிக்குள் போய் மறைந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு நெட்டைக் கிழவர் மட்டும், "எனக்கு ஆயிற்று, நன்றி" என்றார்.

அவர் ஓய்வுபெற்ற டாக்டர். என் ஜெர்மன் எந்த வார்டில் பிறந்தது என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை முழுவதும் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் அதை அனுபவித்துக்கொண்டே வந்தார்.

வலை தண்ணீருக்குள் இறங்கி ஏறுவதை விளக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. "வலை மூச்சை இழுக்கிறது. இப்போது மூச்சை விடுகிறது" என்றேன். அது என்னவோ எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வலை மேலே வரும்போதெல்லாம் சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

அரண்மனையில்தான் நான் பிரகாசித்தேன். ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம் சித்திரமாக எழுதியிருக்கும். அதன் ஆரம்பம் புத்திரகாமேஷ்டி யாகம். புத்தகத்தின் பிரசவ வார்டுப் பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

"இவர் அரசர். மூன்று மனைவிகள். குழந்தை இல்லை. ஆகவே ஓர் இனிப்பு மருந்து கொடுத்தார்கள், வாய்வழியாக. மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். பத்தாம் மாதம் வலி எடுத்தது. இதோ, பிரசவம். ஆயுதம் போடவில்லை. தாய்மார்களும் சேய்களும் நலம்."

பின்னால் நின்ற கிழவிகள் எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள். "மொத்தம் எத்தனை குழந்தைகள்?" என்று ஒருத்தி கேட்டாள். நான்கு என்றதும், "கடவுளே, அந்தத் தகப்பன்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தசரதன் மேல் யாரும் அவ்வளவு பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது பாம்பணையில் பெருமாள். "இவர் வசதியாகப் படுத்திருக்கிறார்" என்றேன்.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டார் டாக்டர்.

"நெடுங்காலமாக."

"படுக்கைப் புண் எதுவும்?"

"இல்லை. மனைவி பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்கிறாள்."

டாக்டர் திருப்தியோடு தலையசைத்தார். குடையம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே வந்தபோது தெருவின் சத்தமே மாறியிருந்தது. கடைகளின் பலகைக் கதவுகள் படபடவென்று மூடிக்கொண்டிருந்தன. எங்கள் பஸ்ஸின் டிரைவர் வண்டியை விட்டு இறங்கி நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் இரண்டு யூனியன்களுக்குள் அடிதடியாம். உடனே பணிமுடக்கு. பஸ் இல்லை, படகு இல்லை, டாக்ஸி இல்லை. "இனி வண்டி எடுத்தால் கல்லு வீழும் சாரே. வைகுன்னேரம் வரை அனங்ஙில்ல" என்றான். சாயங்காலம் வரை எதுவும் அசையாது.

மதியச் சாப்பாடு தீவில் அவர்களுடைய ஹோட்டலில். அந்தத் தீவுக்குப் பாலத்தில் வண்டியும் போகாது, படகும் போகாது. குடையம்மாள் அச்சிட்ட தாளை எடுத்து, 'மதிய உணவு' என்ற இடத்தில் விரலால் தட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. வேலைநிறுத்தம் என்பதற்கு என் புத்தகத்தில் சொல் இல்லை. நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்யமாட்டார்கள் என்று அதை எழுதியவர் நம்பியிருக்க வேண்டும். தெரிந்ததை வைத்துச் சமாளித்தேன்.

"ஊருக்குப் பக்கவாதம்" என்றேன். "திடீரென்று வந்துவிட்டது. கை கால் அசையாது. சாயங்காலம் குணமாகிவிடும்."

டாக்டர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரே மற்றவர்களுக்கு நல்ல ஜெர்மனில் விளக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹோட்டல்கள் மூடியாயிற்று, சாயாக்கடைகூட இல்லை. அந்த வேளையில் மட்டாஞ்சேரியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்த இடமாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

ஆக, சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குச் சந்துகள் வழியாக நான் முன்னால் நடக்க, எனக்குப் பின்னால் மஞ்சள் குடை, அதற்குப் பின்னால் தொப்பிகள். மூடிய கதவுகளுக்கு மேலே ஜன்னல்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஹால் வாசலில் என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பட்டுப் பாவாடைக்கு மேலே குழந்தையின் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"தட்டானை எங்கேயாவது பிடிச்சு அழைச்சிண்டு வருவேள்னு பார்த்தா, யாராக்கும் இவாளெல்லாம்?"

"ஜெர்மன்காரா. பசிக்கறதாம்" என்றேன். "தட்டான் இன்னும் வரலையா?"

காது குத்த வேண்டிய தட்டான் எர்ணாகுளத்திலிருந்து படகில் வரவேண்டியவர். அழைத்திருந்தவர்களிலும் பாதிப் பேர் அந்தக் கரைக்காரர்கள். தட்டானும் வரவில்லை, விருந்தாளிகளும் வரவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று என் மாமனார் தூணுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சமையல்கட்டு வாசலில் சமையல் ஸ்வாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். உருளி நிறையச் சக்கப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், கிண்டி வைத்திருக்கிறார், சாப்பிட ஆளில்லை. எனக்குப் பின்னால் தொப்பிகளைக் கண்டதும் அவர் கண் விரிந்தது.

"ஸ்வாமி, இவா திங்குவாளோ?" என்று என்னைக் கேட்டார்.

"திங்குவா."

"அப்படீன்னா இலையைப் போடட்டுமா?"

"காது குத்தாம என்ன இலை?" என்று மாமனார் அதட்டினார்.

என்ன தகராறு என்று டாக்டர் என்னைக் கேட்டார். காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த மாதிரியான கேள்வி அது. ஒரு சொல்லுக்குக்கூடத் தடுமாறவில்லை. "பெண் குழந்தை. வயது ஒன்று. இரண்டு காதிலும் துளை போட வேண்டும். ஊசி போடுகிறவர் வரவில்லை."

டாக்டர் சட்டைக் கையை மடித்தார். "கை கழுவ எங்கே தண்ணீர்?"

நான் அதைத் தமிழில் சொன்னதும் ஹால் முழுக்க ஒரே சலசலப்பு. மாமனார் மட்டும் நடையை நிறுத்தி யோசித்தார். "தட்டான் கையிலே குத்தறதைவிட டாக்டர் கையிலே குத்தறது நல்லதுதானே. தாய்மாமன் மடியிலே உக்காந்துண்டா சாஸ்திரம் சரியாப் போச்சு" என்று தானே தீர்ப்புச் சொன்னார்.

என் மனைவி என்னைத் தனியாக இழுத்தாள். "அவர் என்ன டாக்டராக்கும்? கேளுங்கோ."

கேட்டேன். டாக்டர் சொன்னார். நான் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பெரிய டாக்டர்" என்றேன்.

"பெரிய டாக்டர்னா? என்ன டாக்டர்?"

அவளிடம் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியாது. "கண் டாக்டர்."

"கண்ணா?" என்றாள். குரல் அடியோடு தாழ்ந்துவிட்டது. டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு, "கண்ணிலேயே கை வெக்கறவருக்குக் காது என்ன பெரிசு?" என்று சொல்லிக் குழந்தையைத் தன் தம்பியின் மடியில் உட்கார வைத்தாள்.

முனை கூராக்கிய தங்கக் கம்பிகள் தயாராகத் தட்டில் இருந்தன. குடையம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு ஓடிகொலோன் புட்டியை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் கம்பியையும் காதையும் அதால் துடைத்தார். ஹால் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. குழந்தை மிரண்டு, உதடு பிதுங்க ஆரம்பித்ததுதான் தாமதம், குடையம்மாள் அதன் எதிரே மண்டியிட்டு அந்த மஞ்சள் குடையைப் படக்கென்று விரித்தார். மூடினார். மறுபடி விரித்தார். குடைக்குப் பின்னாலிருந்து முகத்தை நீட்டி ஏதோ கோழி மாதிரி சத்தம் போட்டார். காலையிலிருந்து ஒரு பல்லைக்கூடக் காட்டாத அம்மாள்!

குழந்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே இடது காது முடிந்துவிட்டது. வலது காது அத்தனை சுலபமாக இல்லை. அதற்குள் விஷயம் புரிந்துபோய் அவள் போட்ட கூச்சலில் டாக்டர் கொஞ்சம் அவசரப்பட்டார். என் பெண்ணின் வலது காதுத் துளை இடது காதைவிட ஒரு மயிரிழை மேலே இருக்கிறது. தோடு போட்டால் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

பிறகு சாப்பாடு.

பாயில் உட்காருவதற்குத்தான் அவர்கள் பட்ட பாடு. பாதி இறங்கி அந்தரத்தில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டேன். முழங்கால், இடுப்பு, முதுகு என்று எல்லோரும் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். ஜமக்காளங்களை மடித்து மடித்து மேடை மாதிரி போட்டு ஒவ்வொருவராக உட்கார வைத்தோம். எதிர் வரிசையில் எங்கள் வீட்டுப் பெண்கள். யார் யாரை வேடிக்கை பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு வரிசையும் சாப்பிட ஆரம்பித்தது.

நான் பரிமாறினேன். இஞ்சிப்புளியை வைக்கும்போது, ஊசி போடுகையில் நர்ஸுகள் சொல்வதையே சொன்னேன்: "கொஞ்சம் சுரீர் என்று இருக்கும். உடனே போய்விடும்." சுரீர் என்றுதான் இருந்தது. போகத்தான் இல்லை. ஒருவர் கண்ணில் நீர் வடிய, கை மட்டும் மறுபடி அதற்கே போயிற்று. எரிசேரியை அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஓலனை ஏதோ சூப் என்று நினைத்துக் கடைசி வரை கிண்ணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பப்படம் நொறுங்கியபோது ஒரு கிழவர் கை தட்டினார்.

இலையில் விழுவதை நிறுத்த என்ன சொல்ல வேண்டும் என்று குடையம்மாள் கேட்டார். "போதும்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை வரிசை முழுக்கப் பரப்பினார். ஆனால் அவர்கள் நாக்குக்கு அந்த 'து' வரவில்லை. அத்தனை பேர் வாயிலும் அது 'போடும்' என்றுதான் வந்தது.

சமையல் ஸ்வாமி தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பிரதமன் விட வந்தார். குடையம்மாள் இலையில் ஒரு கரண்டி விட்டார்.

"போடும்" என்றார் அம்மாள்.

ஸ்வாமி இன்னொரு கரண்டி போட்டார்.

"போடும்! போடும்!"

"பேஷாப் போடறேன்!" ஸ்வாமிக்குக் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷமாச் சமைக்கறேன். நம்மவா ஒருத்தராவது இப்படி வாய்விட்டுக் கேட்டிருப்பாளா? ருசி அறிஞ்சவா!"

பிரதமன் இலையின் ஓரம் வரை ஓடியது. அம்மாள் இரண்டு கையாலும் அணை கட்டினார். பக்கத்து இலையில் டாக்டரும் "போடும்" என்றார். வரிசை நெடுகப் "போடும், போடும்" என்று அபயக்குரல். ஸ்வாமி வாளியோடு ஓடி ஓடி விட்டார். என் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். எதிர் வரிசையிலிருந்து, "ஐயோ ஸ்வாமி, மதிங்கறா! போதும்ங்கறா!" என்று சொல்ல முயன்று, சிரிப்பு வந்து, புரையேறி, தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். முதல் நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று அவர்கள் ஊரிலும் வளர்த்திருப்பார்கள் போல. மூச்சு வாங்க, வேர்வை வழிய, அத்தனையையும் தின்று முடித்தார்கள். எழுந்திருக்க யாராலும் முடியவில்லை. மின்விசிறிக்குக் கீழே பாய்களைப் போட்டதும் வரிசையாகச் சாய்ந்துவிட்டார்கள். பிற்பகலில் படகுச் சவாரி என்று அச்சிட்டிருந்த நேரம் முழுவதும் ஹாலில் குறட்டைதான். குடையம்மாள் மட்டும் தூங்கவில்லை. என் குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. யாராவது பேசினால் அவர் உதட்டில் விரலை வைத்து அதட்டினார். மாமனாரைக்கூட.

சாயங்காலம் ஊருக்குக் குணமாயிற்று. டிரைவர் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான். புறப்படும்போது என் மனைவி ஒவ்வொருவருக்கும் மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் கொடுத்தாள். அந்தக் குடுமித் தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல், கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். டாக்டர் என் பெண்ணின் காதுகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, "சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்று முழுவதும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் புரிந்த வாக்கியம் அது.

சில மாதம் கழித்து முதலாளியின் மைத்துனர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ஊருக்குத் திரும்பிய அந்தக் கூட்டம் அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறது. அடுத்த கூட்டம் வரப்போகிறதாம். அரண்மனை வேண்டும், அதே வழிகாட்டி வேண்டும், அந்தக் காது குத்தும் சாப்பாடும் கட்டாயம் வேண்டும் என்று கேட்கிறார்களாம். சாயாவை உறிஞ்சிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒவ்வொரு சீசனிலும் ஒரு காது குத்து... உங்களால் ஏற்பாடு செய்ய முடியுமா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் சிரிக்காமல், "பண்ணலாமே" என்றாள். "ஆனா வருஷா வருஷம் பெத்துக்கறது யாராக்கும்னு மொதல்லே கேட்டுண்டு வரச் சொல்லுங்கோ."